எதில் எத்தனை? நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் முதன்முறை படிப்பவருக்குக் கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தது மூன்று பாடங்களின் ஏ, பி, சியை அல்ல, இசட் புள்ளியைத்தான். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் அந்தத் தசம எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது எப்படி வந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகம் போய் முதலாம் வருடப் புள்ளிவிபரவியல் வகுப்பில் ஒரு சிறிய சூத்திரமாக அதைப் பலகையில் கண்டபோதுதான் விளங்கியது.

அந்தப் பாடத்தின் முதல் தொடர் மதிப்பீட்டில் நான் சித்தியடையவில்லை. சூத்திரங்கள் எல்லாம் பாடமாக இருந்தன. கேள்வி எதைக் கேட்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. இப்போது சில வருடங்களாக வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் தம்பி தங்கச்சிமாருக்கு இதே பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் அநேகர் தடுமாறுவதும் நான் தடுமாறிய அதே இடத்தில்தான்: ஒரு சதவீதத்தைக் கண்டதும் "எதில் இத்தனை?" என்று கேட்பதில்லை. இந்த வழிகாட்டி முழுவதிலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

படி 1: எந்த வகைப் பாடம் என்று முதலில் விசாரியுங்கள்

"புள்ளிவிபரவியல் அறிமுகம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பாடங்கள் நடக்கின்றன. ஒன்று நுண்கணிதத்தோடு வரும். அதில் தொகையீடு செய்து நிகழ்தகவு காண வேண்டும், தேற்றங்களை நிறுவவும் வேண்டும். கணிதம், பொறியியல் மாணவர்களுக்கு அநேகமாக இதுதான். மற்றையது முகாமைத்துவம், உயிரியல், சமூக விஞ்ஞானம் படிப்பவர்களுக்கானது. அதற்குக் கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், அட்டவணை வாசிப்பு போதும்.

கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் பல. எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, தொகையீடு உண்டா, மென்பொருள் எது, தொடர் மதிப்பீட்டுக்கு எவ்வளவு புள்ளி என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இணைந்த கணிதம் படிக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். பின்னம், சதவீதம், கூட்டுத்தொகைக் குறியான சிக்மா, சேர்மானம், இவை கையில் இருந்தால் தொடங்கலாம். பின்னம் தடுமாறினால் மட்டும் தொடங்குமுன் இரண்டு வாரம் அதில் செலவிடுங்கள். இந்தப் பாடத்தில் பாதி பின்னம்தான்.

படி 2: சொல் கொப்பி ஒன்று போடுங்கள்

இது தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு. வேறு எவரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டுக்கு வந்து விளங்காததை யூடியூப்பில் தமிழில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்கே சொற்கள் வேறு. நாம் சாதாரண தரத்தில் படித்த "ஆகாரம்" (அதிக தடவை வரும் பெறுமானம்) அங்கே "முகடு". நம்முடைய "இடையம்" (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானம்) அவர்களுக்கு "இடைநிலை அளவு". "நியம விலகல்" அங்கே "திட்ட விலக்கம்". "எழுமாற்று மாறி" அங்கே "சமவாய்ப்பு மாறி". "செவ்வன் பரம்பல்" அங்கே "இயல்நிலைப் பரவல்". இடை, இடையம், இடைநிலை மூன்றும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். நாம் "இடை" என்பது சராசரியை. இந்தக் குழப்பத்திலேயே ஒருவர் முழுக் கேள்வியையும் இழக்கலாம்.

கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நிரலாகப் பிரியுங்கள்: ஆங்கிலச் சொல், நம் பாடநூல் சொல், தமிழ்நாட்டுச் சொல். அதன் கீழே உங்கள் சொந்த வாக்கில் ஒரு வரி எழுதுங்கள். "நியம விலகல்: புள்ளிகள் இடையிலிருந்து வழக்கமாக எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன" என்பது போல. தவணை முடிய நாற்பது ஐம்பது சொற்கள்தான் சேரும். ஆனால் அவற்றை இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தவர், வினாத்தாளில் வரும் நீண்ட ஆங்கிலப் பந்தியைக் கண்டு திகைக்க மாட்டார்.

படி 3: விவரண அளவுகளை இசட் புள்ளியில் வைத்துப் படியுங்கள்

முதல் சில வாரங்கள் இடை, இடையம், வீச்சு, காலணையிடை வீச்சு, நியம விலகல் என்று போகும். தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல்.

ஒரு மாணவிக்கு இரண்டு பாடத்திலும் 75 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதற் பாடத்தில் எழுதியவர்களின் இடை 45, நியம விலகல் 15. அவர் இடையைவிட 30 மேலே, அதாவது இரண்டு நியம விலகல் மேலே. இசட் புள்ளி 2. இரண்டாவதில் இடை 62, நியம விலகல் 10. 13ஐ 10ஆல் பிரித்தால் 1.3. ஒரே 75தான், ஆனால் எந்தக் கூட்டத்துக்குள் நிற்கும் 75 என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்த முறை பயன்படுகிறது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே பெறுபேற்றில் வருவது.

கூட்டத்தைப் பிழையாக எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதியதில் ஒரு பகுதியினரும் எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணித்தது வழக்காகி, 2012இல் உயர் நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை, "எந்த இடையைக் கழிப்பது" என்ற கேள்வியில் மாட்டியிருந்தது. இதை வகுப்பில் சொன்னால் நித்திரை தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னுமொன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த செப்டெம்பரில் அது 1.3. "பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள், அரிசி விலை இறங்கவில்லையே" என்று அம்மா கேட்டார். 2021இல் 100 ரூபாவாக இருந்த கூடை 2022இல் 169.80, அதன் மேல் 1.3 சதவீதம் ஏறினால் 172. விலை இறங்கவே இல்லை, ஏறும் வேகம்தான் இறங்கியது. ஒவ்வொரு வருடமும் சதவீதத்தின் அடி மாறுகிறது என்பதை அம்மாவுக்கு ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இப்படி ஒன்றை வீட்டில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். உங்களுக்கு விளங்கியதா என்பது அப்போது தெரியும்.

கல்குலேட்டரில் ஒரு கவனம். நியம விலகலுக்கு இரண்டு விடை காட்டும்: ஒன்று தரவுகளின் எண்ணிக்கையான n ஆல் பிரித்தது, மற்றையது n−1 ஆல் பிரித்தது. தரவு முழுக் கூட்டமும் என்றால் முதலாவது, மாதிரி என்றால் இரண்டாவது. கேள்வியில் "மாதிரி" என்ற சொல் இருக்கிறதா என்று தேடி அடிக்கோடிடுங்கள்.

படி 4: நிகழ்தகவைச் சூத்திரத்தில் அல்ல, ஆயிரம் பேரில் தொடங்குங்கள்

பாடத்தின் நடு முள் இதுதான். ஒரு சனிக்கிழமை தங்கச்சி ஒருத்தி டியூட் தாளை, அதாவது வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கேள்வித் தாளை, மேசையில் வைத்துக் கேட்டாள்: "அண்ணா, டெஸ்ட் 95 வீதம் சரி எண்டா, பொசிட்டிவ் வந்த ஆளுக்கு டெங்கு இருக்க 95 வீதம் வாய்ப்புத்தானே?"

இத்தகைய கேள்விக்கான சூத்திரமான பேய்ஸ் தேற்றத்தை நான் எழுதிக் காட்டவில்லை. வெள்ளைத் தாளில் ஒரு சதுரம் கீறச் சொன்னேன். "காய்ச்சலோட ஆயிரம் பேர் வந்திருக்கினம். இவ்வளவு பேரில நூறு பேருக்கு உண்மையாவே டெங்கு எண்டு வைப்பம். மிச்சம்?"

"தொள்ளாயிரம்."

டெங்கு உள்ள 100 பேரில் சோதனை 80 பேரைப் பிடிக்கும் என்று வைத்தோம். டெங்கு இல்லாதவர்களில் 95 சதவீதத்தினருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும். மிகுதி 5 சதவீதம், அதாவது 45 பேருக்குப் பிழையாக "உண்டு" என்று காட்டும். (இவை கணக்குக்காக எடுத்த எண்கள்; எந்தச் சோதனையின் உண்மை அளவும் அல்ல.) அவள் கூட்டினாள். பொசிட்டிவ் மொத்தம் 125. அதில் உண்மையான நோயாளர் 80. 80ஐ 125ஆல் பிரித்தால் 64 சதவீதம். சிறிது நேரம் 45ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த நாப்பத்தைஞ்சு பேரைத்தான் நான் மறந்திட்டன்" என்றாள்.

பிறகு ஆயிரத்தில் 10 பேருக்கு மட்டுமே டெங்கு என்று மாற்றிச் செய்யச் சொன்னேன். பிடிபடுவது 8, பிழையாக வருவது 990இன் 5 சதவீதம், ஏறக்குறைய 50. இப்போது பொசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 14 சதவீதம் அளவில்தான். சோதனை அதேதான், வந்த கூட்டம் மாறியது. 95 என்பது நோய் இல்லாதவர்களுக்குள் எத்தனை என்று சொல்கிறது. அவள் கேட்டதோ பொசிட்டிவ் வந்தவர்களுக்குள் எத்தனை என்று. நிபந்தனை நிகழ்தகவு முழுவதும் இந்த ஒரு மாற்றம்தான்.

இந்த அட்டவணையை ஐந்து கேள்விக்கு வரைந்த பிறகு மர வரிப்படத்துக்குப் போங்கள், அதன் பிறகு சூத்திரத்துக்கு. பேய்ஸ் இறந்தபின் 1763இல் வெளியான அந்தக் கட்டுரை இரண்டரை நூற்றாண்டுகளாக மாணவர்களைத் தடுமாற வைக்கிறது. ஒரு நாளில் படியாவிட்டால் மனம் தளர வேண்டாம்.

இதே பகுதியில் இன்னொரு பொறி: தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகளையும் சாரா நிகழ்ச்சிகளையும் ஒன்றென நினைப்பது. தாயக்கட்டையில் 2 விழுந்தால் 5 விழ முடியாது. அவை புறநீங்குபவை. 2 விழுந்தது என்று தெரிந்த உடனேயே 5 விழவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றதைப் பற்றி இவ்வளவு சொல்லுமானால் அவை எப்படிச் சாராதவை ஆகும்?

படி 5: பரம்பலைத் தெருவில் பாருங்கள்

ஈருறுப்பு, புவசோன், செவ்வன். மூன்றுக்கும் சூத்திரம் உண்டு, அட்டவணை உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதே கேள்வி. நிலையான எண்ணிக்கை முயற்சிகளில் எத்தனை வெற்றி என்றால் ஈருறுப்பு. ஒரு கால அளவுக்குள் எத்தனை தடவை என்றால் புவசோனை முயன்று பாருங்கள். அளந்து பெறும் எண், நடுவில் குவிந்து இரு பக்கமும் ஒரே மாதிரிச் சரிந்தால் செவ்வன். அதில் இடையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று நியம விலகலுக்குள் வரும் சதவீதங்களான 68, 95, 99.7 என்ற மூன்று எண்களும் பாடமாக இருக்கட்டும்.

ஒரு நாள் காலை வெள்ளவத்தையில் காலி வீதித் தரிப்பிடத்தில் நின்று, புறக்கோட்டைப் பக்கம் போகும் 100ஆம் இலக்க பஸ்களை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணினேன். ஒரு மணித்தியாலத்தில் வந்த பன்னிரண்டு எண்கள்: 3, 0, 4, 2, 5, 0, 1, 6, 2, 0, 4, 3. மொத்தம் 30, இடை 2.5. புவசோன் பரம்பலில் இடையும் மாறற்றிறனும் (நியம விலகலின் வர்க்கம்) சமமாக இருக்க வேண்டும். இங்கே இடையிலிருந்தான விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 45; அதை 11ஆல் பிரித்தால் மாறற்றிறன் ஏறக்குறைய 4.1. இடை 2.5 என்றால் ஒரு பஸ்ஸும் வராத ஐந்து நிமிடம் 8 சதவீதம்தான் வரவேண்டும், பன்னிரண்டில் ஒன்று. எனக்கு மூன்று கிடைத்தது.

காரணம் தரிப்பிடத்தில் நிற்கும் எவருக்கும் தெரியும். பஸ் ஒன்றையொன்று பார்த்து ஓடுகிறது. ஒன்று வராவிட்டால் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். புவசோனுக்கோ ஒரு வருகை மற்றதைச் சாராதிருக்க வேண்டும். பன்னிரண்டு எண்களை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு "சாராமை" என்ற எடுகோளை நான் ஒரு கேள்வியிலும் தவறவிட்டதில்லை. நீங்களும் ஏதாவது ஒன்றை எண்ணுங்கள். மருந்துக்கடைக்கு வருபவர்கள், கடற்கரைப் பாதையில் போகும் ரயில்கள், எதுவானாலும் சரி. ரயிலுக்கு நேர அட்டவணை உண்டே, அதற்குப் புவசோன் பொருந்துமா என்றும் யோசியுங்கள்.

படி 6: மாதிரி, நம்பிக்கை ஆயிடை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மாதிரியெடுத்தல் என்ற அத்தியாயத்தை நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு எடுகோள் ஒளிந்திருக்கிறது: பானை முழுதும் ஒரே கொதியில் வெந்திருக்க வேண்டும். கொழும்பு அப்படி வெந்த பானை அல்ல. வெள்ளவத்தைச் சந்தையில் நின்று 400 பேரிடம் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டுவிட்டு, கொழும்பு மாவட்டத்தின் கணக்கு இது என்று எழுத முடியாது. 400ஐ 4,000 ஆக்கினாலும் பிழை குறையாது. அதே பிழை இன்னும் உறுதியான குரலில் ஒலிக்கும்.

எழுமாற்றாகத் தெரிந்த 400 பேரில் 60 சதவீதம் "ஆம்" என்றால், 0.6ஐ 0.4ஆல் பெருக்கி 400ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.0245. அதை 95 சதவீத நம்பிக்கைக்குரிய எண்ணான 1.96ஆல் பெருக்கினால் 0.048. ஆகவே நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மைச் சதவீதத்துக்கு மாதிரியிலிருந்து நாம் கட்டும் கீழ், மேல் எல்லை, 55.2 முதல் 64.8 வரை. இந்தக் கணக்கில் நாட்டின் சனத்தொகை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2024 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 2 கோடி 17 இலட்சம் பேர். ஆனாலும் 400 பேரில் இவ்வளவு சொல்ல முடிகிறது.

"95 சதவீத நம்பிக்கை" என்றால் என்ன என்று வாய்மொழியில் கேட்பார்கள். மீண்டும், எதில் 95? இதே முறையில் நூறு மாதிரி எடுத்து நூறு ஆயிடை கட்டினால், ஏறக்குறைய 95 ஆயிடைகள் உண்மைப் பெறுமானத்தை உள்ளடக்கும். கையிலுள்ள இந்த ஒரு ஆயிடைக்குள் உண்மை இருக்கும் வாய்ப்பு 95 என்று எழுதினால் புள்ளி போகும்.

படி 7: கருதுகோள் சோதனை

வில்லியம் கோசெட் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்தவர். சிறிய மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டதுதான் இன்று நாம் படிக்கும் டி பரம்பலின் தொடக்கம். சிறிய மாதிரிக்கான கருவி என்பதால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு கிலோ என்று எழுதிய சீனிப் பைக்கற்றுகள் 9 வாங்கி நிறுத்தால், இடை 988 கிராம், நியம விலகல் 18 கிராம் என்று வந்ததாக எடுப்போம். குறைவு 12 கிராம். மாதிரியின் இடை வழக்கமாக எவ்வளவு தளம்பும் என்பதைச் சொல்லும் நியம வழு, 18ஐ 9இன் வர்க்கமூலமான 3ஆல் பிரித்தால் 6. ஆகவே −12ஐ 6ஆல் பிரித்து வரும் டி பெறுமானம் −2. அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பது என்று சொல்லும் சுயாதீனப் படி, 9 கழித்தல் 1, அதாவது 8.

இனி அட்டவணை. "ஒரு கிலோவுக்குச் சமமல்ல" என்று இரு பக்கமும் சோதித்தால் 5 சதவீத மட்டத்தில் எல்லை 2.306. நம் 2 அதைத் தாண்டவில்லை. "இடை ஒரு கிலோதான்" என்ற தொடக்க எடுகோளை, அதாவது சூனியக் கருதுகோளை, நிராகரிக்கப் போதிய சான்று இல்லை. "ஒரு கிலோவைவிடக் குறைவு" என்று ஒரு பக்கம் மட்டும் சோதித்தால் எல்லை 1.860. இப்போது நிராகரிக்கிறோம். அதே சீனி, அதே தராசு, இரண்டு முடிவு. எந்தப் பக்கம் என்று நிறுப்பதற்கு முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும். விடையைப் பார்த்த பிறகு பக்கம் தெரிவு செய்வது நேர்மையல்ல. இதனால்தான் கருதுகோள்களை முதல் வரியில் எழுது என்று விரிவுரையாளர்கள் வற்புறுத்துகிறார்கள்.

"சூனியக் கருதுகோளை ஏற்கிறோம்" என்று எழுத வேண்டாம். நிராகரிக்கவில்லை, அவ்வளவுதான். 9 பைக்கற்றுக்குப் பதில் 90 நிறுத்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

படி 8: இணைவும் பிற்செலவும்

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது இணைவு; ஒன்றை வைத்து மற்றதை எதிர்வுகூறக் கோடு பொருத்துவது பிற்செலவு. கடைசி இரண்டு வாரம் இது வரும். கணக்கு நீளம், கருத்து எளிது. சிதறல் வரைபை வரையாமல் இணைவுக் குணகத்தைக் கணிக்க வேண்டாம். தரவின் வீச்சுக்கு வெளியே எதிர்வுகூற வேண்டாம். பயிற்சிக்கு உண்மைத் தரவு வேண்டுமானால், பத்தரமுல்லையிலுள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்ட வாரியாக வெளியிடுவதை எடுங்கள். டெங்கு எண்ணிக்கையை மாவட்ட வாரியாகப் போட்டால் கொழும்பு மேலே நிற்கும். 2012 கணக்கின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர், முல்லைத்தீவில் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. இலட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிய பிறகுதான் ஒப்பிட முடியும். ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். எக்செல் தெரிந்தாலும் ஆரில் ஒரு தடவை செய்து பாருங்கள், மேல்வகுப்பில் தேவைப்படும்.

படி 9: கிழமை ஒழுங்கும் பரீட்சையும்

விரிவுரை நடந்த அன்றிரவே அரை மணித்தியாலம் கொப்பியைத் திருப்புங்கள். டியூட்டை விடை பாராமல் ஒரு தடவை தனியே செய்யுங்கள். பிறகு இருவர் மூவராகச் சேர்ந்து, ஒருவர் கேள்வியைத் தமிழில் சொல்ல மற்றவர் செய்யட்டும். வீட்டில் இடமில்லாதவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில் பொது நூலகம் இருக்கிறது. கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்காமல், அத்தியாயம் முடிய முடிய அந்தந்தக் கேள்வியை எடுத்துச் செய்யுங்கள்.

விடை எழுதும்போது எண்ணோடு நிறுத்தாமல் ஒரு வசனம் சேருங்கள். "0.64" என்று விடாமல், "சோதனையில் பொசிட்டிவ் வந்தவர்களுள் 64 சதவீதத்தினருக்கு டெங்கு உண்டு" என்று. அந்த "வந்தவர்களுள்" என்ற சொல்லை எழுதும்போதே, பகுதியெண் பிழையானால் கண்ணில் பட்டுவிடும். எனக்குப் பல தடவை பட்டிருக்கிறது.

மண்டபத்தில் முதல் கேள்வியைத் தொடுமுன் கல்குலேட்டரின் புள்ளிவிபர நினைவகத்தை அழியுங்கள். முதல்நாள் இரவு பயிற்சிக்குப் போட்ட தரவு உள்ளே இருந்தால், புதிய எண்கள் அதன் மேல் சேர்ந்துகொள்ளும். அழித்த பிறகு இரண்டு எண்களைப் போட்டு, n = 2 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.